பழைய சம்சாரம்

1

2024 ஜூலை 13, இரண்டாம் சனிக்கிழமை, அலுவலகம் விடுமுறை. ஐந்தரை மணிக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்தேன். நாளிதழ் நனைந்து வந்திருந்ததால் மின்விசிறிக்குக் கீழே விரித்துக் காயவைத்தேன். முந்தின நாள் குறிப்பில் மழை எப்போது நின்றது என்று எழுத விட்டுப்போயிருந்தது, அதை எழுதினேன். பிறகு பழைய கணினியின் பின்பக்கத்துக் கம்பிகளைக் கழற்றி, எது எந்தத் துளையில் இருந்தது என்று சிறு காகிதங்களில் எழுதி ஒட்டினேன். அந்தக் கணினி ஒரு வாரமாக எழவில்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே எதுவோ சுற்றுகிற சத்தம் வரும், திரை கறுப்பாகவே இருக்கும். வியாழக்கிழமை புதியது வாங்கிவிட்டோம். பழையதில் இருந்தவை பழையதிலேயே இருந்தன.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு, அயலூரில் குடியேறியவனின் குறிப்புகள் என்று சொல்லிவிட்டு ‘கொச்சி, மட்டாஞ்சேரி’ என்று போடுவது வேடிக்கையாக இருக்கலாம். சாத்தூரில் இருந்து ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் வந்துவிடும் தூரம்தான். பாஸ்போர்ட் வேண்டாம். கடலும் தாண்டவில்லை. மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற ஒரு நிறுவனத்தில், வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களுக்கான ஆவணங்களைத் தயாரிக்கும் வேலை எனக்கு. என் கையெழுத்துப் போட்ட காகிதங்கள்தான் கடல் தாண்டுகின்றன.

ஆனாலும் அயலூர் அயலூர்தான். இங்கே வந்த புதிதில் ஓர் அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பினேன். அதில் ‘வீட்டுப்பேர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. இங்கே குடும்பங்களுக்கு வீட்டின் பெயரே அடையாளம் என்பது எனக்கு அப்போது தெரியாது. எங்கள் பக்கம் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டால் முடிந்தது. சொந்த வீடா வாடகை வீடா என்று கேட்கிறார்கள் என நினைத்து, ‘வாடகை வீடு’ என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன். அப்படியே மலையாள எழுத்தில் அச்சாகி வந்தது. திருத்தப் போனேன். சரியான வீட்டுப்பெயருக்கு ஆதாரம் கேட்டார்கள். இல்லாத பெயருக்கு எங்கே போய் ஆதாரம் வாங்குவது? இன்றுவரை எங்கள் முகவரியில் குடும்பப் பெயர் ‘வாடகை வீடு’தான். தபால்காரருக்கும் கொரியர்காரருக்கும் அந்தப் பெயரைச் சொன்னால்தான் எங்களைத் தெரியும்.

இந்த மாதத் தொடக்கத்தில் அந்த முகவரிக்குக் கோவில்பட்டியில் இருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை கொரியரில் வந்தது. இத்தனையும் அதிலிருந்துதான் தொடங்கியது.

2

என் மனைவி வடிவுக்கு ஒரே அக்கா, பாக்கியம். கோவில்பட்டியில் இருக்கிறார். பத்திரிகை அவர் மகனுடையது, ஆவணியில் கல்யாணம். உடன்பிறந்தவளுக்குப் பத்திரிகை வைப்பது என்றால் எங்கள் பக்கம் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து அழைப்பார்கள். வர முடியாவிட்டால் போனிலாவது நாலு வார்த்தை பேசிவிட்டுப் பிறகு அனுப்புவார்கள். இது பேச்சில்லாமல் வந்தது.

இருவருக்கும் இடையே ஏழு வருடமாகப் பேச்சு இல்லை. 2017இல் அக்கா புது வீடு கட்டிப் பால் காய்ப்பு வைத்தார். நாங்கள் போகவில்லை. அதோடு அக்காவின் அழைப்புகள் நின்றன. இரண்டு வருடம் கழித்து ஒரு துக்க வீட்டில் வடிவு தானாகவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அக்கா எழுந்து, “மனசுல உள்ளதைத்தான் பிள்ளைய விட்டு எழுதிட்டியே. பிறகென்ன?” என்று மட்டும் சொல்லிவிட்டு வேறிடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

பிள்ளை என்றது எங்கள் ஒரே மகள் தாரிணியை. 2017இல் அவள் பத்தாம் வகுப்பு. வடிவுக்கு அப்போது போனில் தட்டச்சு செய்ய வராது. அடுப்படியில் இருந்துகொண்டு சொல்லுவாள், தாரிணி தட்டி அனுப்புவாள். என்ன எழுதி அனுப்பினாள் என்பது தாரிணிக்கும் நினைவில்லை, வடிவுக்கும் தெரியவில்லை. அந்தப் போனும் அதற்குள் கெட்டுப்போயிருந்தது. கெடுவதற்குச் சில மாதங்கள் முன்பு நான் அதன் உரையாடல்களை எல்லாம் கோப்புகளாக இறக்கிக் கணினியில் வைத்திருந்தேன். எதையும் ஒரு நகல் எடுத்து வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

துக்க வீட்டில் இருந்து திரும்பிய வாரமே, திறந்து பார்த்துவிடலாமே என்று கேட்டேன். வடிவு வேண்டாம் என்றாள். பார்த்து, நிஜமாகவே எதையாவது எழுதியிருந்தால் என்ன செய்வது என்றாள். அதனால் அந்தக் கோப்பு ஐந்து வருடம் அப்படியே கிடந்தது. நாள்தோறும் அந்தக் கணினியில் வேலை பார்த்தேன். அந்தப் பக்கம் போகவில்லை.

பத்திரிகை வந்த அன்று வடிவு அதை இரண்டு தடவை வாசித்தாள். உறையைத் திருப்பி, தன் பெயர் எங்கேயாவது கையால் எழுதியிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. மறுநாள், “நான் என்னத்த எழுதுனேன்னு தெரிஞ்சாத்தான், போகலாமா கூடாதான்னு தெரியும். அதை எடுத்துக் குடுங்க” என்றாள்.

அந்த வாரம்தான் கணினி எழ மறுத்தது.

3

தோப்பும்படியில் கணினி பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. நடத்துகிறவர் ஷைனி, நாற்பது வயது இருக்கும். ஒரே நேரத்தில் மூன்று பேரிடம் பேசிக்கொண்டு வேலையும் பார்ப்பார். சனிக்கிழமை பத்து மணிக்குப் பழைய கணினியை ஆட்டோவில் வைத்து எடுத்துப் போனோம். வடிவும் வந்தாள். இதுபோன்ற வேலைக்கு அவள் வருவதில்லை.

இருபத்தாறு வருடமாக மலையாளம் பேசுகிறேன். நன்றாகவே பேசுகிறேன் என்று என்னிடம் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு “சேட்டன் எந்த ஊரு?” என்றும் கேட்கிறார்கள். இந்த மொழியில் என் சிக்கல் தெரியாத சொற்களால் வருவதில்லை. தெரிந்த சொற்கள்தான் காலை வாருகின்றன. ‘சம்சாரம்’ என்றால் இங்கே பேச்சு. நம் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஷைனியிடம் விவரம் சொன்னேன். கோப்புகள், படங்கள், எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பழைய உரையாடல்கள் திரும்பக் கிடைக்க வேண்டும். “பழைய சம்சாரம் எல்லாம் திரிச்சு கிட்டணம்” என்றேன்.

பக்கத்தில் இருந்து வடிவு தமிழில் சொன்னாள். “ஏன், கூட நிக்கிற பழசு போதாதாக்கும்?”

அவளுக்கும் இந்த மொழி என் அளவுக்குத் தெரியும். வேண்டுமென்றே சொன்னாள். பத்திரிகை வந்த பிறகு அவள் கேலியாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். ஷைனி என்னவென்று கேட்க, வடிவு தன் மலையாளத்தில் விளக்கினாள். ஷைனி திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “சேட்டா, ஆத்யம் சேச்சியைப் பேக்கப் எடுத்து வெச்சோ” என்றார். முதலில் மனைவியை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

கணினியின் நினைவுத்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், நல்லபடியாகத்தான் இருந்தது. வேறு எதுவோ எரிந்துபோயிருந்ததாம். தட்டைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு, ஒரு கம்பியோடு கையில் கொடுத்தார். புதிய கணினியில் செருகினால் தெரியும் என்றார். வரும் வழியில் ஆட்டோவில் அதை வடிவு மடியில் வைத்துக்கொண்டாள். ஓட்டுநர் குழியில் இறக்கியபோதெல்லாம் அதைத் தூக்கிப் பிடித்தாள்.

4

வீட்டுக்கு வந்ததும் உடனே திறக்கவில்லை. முதலில் தட்டில் இருந்ததைப் புதிய கணினிக்கு முழுதாக நகலெடுத்தேன். பிறகு வெளியே வைக்கும் இன்னொரு தட்டுக்கும் ஒரு நகல். அசலைத் தொடுவதற்கு முன் நகல் கையில் இருக்க வேண்டும். அலுவலகத்திலும் நான் அப்படித்தான். வடிவு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, நீலக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் எழுந்துபோய்ச் சாதம் வடித்துவிட்டு வந்தாள்.

மதியம் ‘பாக்கியம் அக்கா’ என்ற கோப்பைத் திறந்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அக்கா தன் போனில் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறவர். அவர் எழுதிய வரிகள் எல்லாம் உருமாறிக் கிடந்தன. தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, பிறகு என்னென்னவோ குறிகள், மறுபடியும் அதே ‘ஏ’. பக்கம் பக்கமாக அப்படித்தான். தாரிணி தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவள். அவள் வரிகள் மட்டும் அப்படியே இருந்தன. அதாவது கேள்விகள் எல்லாம் அழிந்து, பதில்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. “சாப்பிட்டாச்சு.” “இல்லை பெரியம்மா.” “சரி சொல்றேன்.” எதற்குச் சரி, எதற்கு இல்லை என்று தெரியாது. ஒருவர் போனில் பேசுவதை இந்தப் பக்கத்தில் இருந்து கேட்பது போல இருந்தது.

தேதியும் குழப்பியது. ஜூன், ஜூலை என்று மாதப் பெயர் இல்லாமல் எண்களாகவே இருந்தது. 6/7/17 என்றால் ஜூன் ஏழா, ஜூலை ஆறா? பால் காய்ப்பு ஜூன் நடுவில் என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. ஜூன் ஏழு என்றால் அதற்கு முன், ஜூலை ஆறு என்றால் பின். அந்தத் தேதியில் தாரிணி எழுதியிருந்தது “அம்மா வரல பெரியம்மா”. வரல என்றால் வரமாட்டாள் என்றும் ஆகலாம், வரவில்லை என்றும் ஆகலாம். அதனால் வரியை வைத்துத் தேதியையும் கண்டுபிடிக்க முடியவில்லை, தேதியை வைத்து வரியையும் புரிந்துகொள்ள முடியவில்லை. கொஞ்சம் கீழே 10/18/17 என்று ஒன்று வந்தது. பதினெட்டாம் மாதம் என்று ஒன்று கிடையாது. அப்படியானால் முதலில் வருவது மாதம். ஆகவே ஜூன் ஏழு. பால் காய்ப்புக்கு முன்பு எழுதியது. இதைக் கண்டுபிடித்ததில் எனக்குச் சற்று நிம்மதி வந்தது. அது நீடிக்கவில்லை.

“அம்மா வரல” என்பதற்குக் கீழே அக்காவின் சிறிய வரி ஒன்று, குறிகளாக. அதற்குத் தாரிணியின் பதில், ஒரே சொல்: veruthe. பிறகு அக்காவின் இன்னொரு சிறிய வரி. அதற்குப் பதில்: athe. பிறகு அக்காவின் ஒரு வரி. அதோடு அன்றைய உரையாடல் முடிந்தது. அதற்குப் பிறகு இருந்தவை தாரிணி பண்டிகைகளுக்கு அனுப்பிய வாழ்த்துகள். எதற்கும் பதில் இல்லை.

“என்ன போட்டிருக்கு?” என்றாள் வடிவு.

நான் வாசித்ததைச் சொன்னேன். அம்மா வரல பெரியம்மா. வெறுத்தே. அதே.

அவள் உடனே மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்பாள் என்று நினைத்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் அப்படியா சொன்னேன்?” என்று கேட்டாள். என்னைக் கேட்கிறாளா தன்னையே கேட்டுக்கொள்கிறாளா என்பது புரியவில்லை. பிறகு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

அந்த நாளின் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். என்ன நடந்தது என்று அதிலாவது இருக்கும் என நினைத்தேன். இருந்தது இவ்வளவுதான்: “மழை. கிடங்கில் சுக்கு மூட்டைகள் ஈரம். கோவில்பட்டிக்கு வரவில்லை என்கிறாள் வடிவு. காரணம் சொல்லவில்லை.” என் எழுத்து தெளிவாகவும் நேராகவும் இருந்தது. ஒரு பயனும் இல்லை.

5

தாரிணிக்குக் காக்கநாட்டில் ஐடி வேலை. வார நாட்களில் அங்கே விடுதியில் இருக்கிறாள், சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வருகிறாள். வந்ததும் முதலில் குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பாள். வீட்டில் எங்களோடு தமிழ் பேசுகிறவள்தான்; ஆனால் அந்தத் தமிழைச் சாத்தூரில் பேசினால், பாதி வார்த்தைக்கு நான் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். மலையாளம் நாளிதழ் வேகத்தில் வாசிப்பாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான். அடுப்படியில் தொங்கும் நாள்காட்டியிலும், வடிவு வாங்கும் வார இதழ் அட்டையிலும் கற்றுக்கொண்டது. அவளைச் சிறு வயதில் தமிழ் வகுப்புக்கு அனுப்பியிருக்கலாம் என்று ஊரில் பலர் சொன்னார்கள். இங்கே எந்த வகுப்புக்கு என்று யாரும் சொல்லவில்லை.

அன்று அவள் கையில் ஒரு டம்ளர் மோரோடு வந்து திரையைப் பார்த்தாள். “இது என்கோடிங் மாறிப் போயதாப்பா, வேற ஒண்ணும் இல்ல” என்று சொல்லி, எங்கேயோ இரண்டு இடத்தில் சொடுக்கினாள். குறிகள் எல்லாம் போய், அக்காவின் வரிகள் தமிழில் வந்தன. மதியம் முழுவதும் நான் மாற்றி மாற்றித் திறந்தும் மூடியும் பார்த்தது அவளுக்கு ஒரு நிமிட வேலை. எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று சொல்லத் தெரியவில்லை.

வடிவைக் கூப்பிட்டேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் சத்தமாக வாசித்தேன்.

அக்கா: வடிவு, டிக்கெட் போட்டாச்சா? ரெண்டு நாள் முந்தியே வந்துரு. நீ இல்லாம எனக்குக் கை ஓடாது.

தாரிணி: அம்மா வரல பெரியம்மா.

அக்கா: ஏன்?

அடுத்த வரியை நான் வாசிப்பதற்கு முன் தாரிணியே வாசித்துவிட்டாள். “வெறுதே.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் ‘வெறுத்தே’ என்று சொல்லவில்லை. ‘தே’யை மெலிதாக, மலையாளத்தில் சொல்கிற மாதிரி சொன்னாள். வெறுதே. இங்கே கடையில், பேருந்தில், படகில் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழும் சொல். காரணம் ஒன்றுமில்லை, வெறுமனே, சும்மா. எங்கே போகிறாய் என்றால் வெறுதே. ஏன் சிரித்தாய் என்றால் வெறுதே. இருபத்தாறு வருடமாகக் கேட்கிற எனக்கு, ஆங்கில எழுத்தில் பார்த்தபோது வெறுப்புதான் கண்ணில் பட்டது. தமிழில் வாசிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன், தமிழாகவே வாசித்துவிட்டேன். கோவில்பட்டியில் இருந்த அக்காவுக்கு வேறு எப்படி வாசிக்க வந்திருக்கும்?

“அடுத்தது என்ன?” என்றாள் வடிவு.

அக்கா, தமிழ் எழுத்தில்: வெறுத்தா?

அதற்குத் தாரிணி: அதே.

தாரிணி தலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்போது அக்காவின் வரியை எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறாள். ‘வெறுதேயா’ என்று பெரியம்மா கேட்பதாக நினைத்திருக்கிறாள். இந்த ஊரில் ‘அதே’ என்றால் ஆமாம். ஆமாம், சும்மாதான் என்று பதினைந்து வயதுப் பெண் பெரியம்மாவுக்குச் சொல்லியிருக்கிறாள். ஆமாம், வெறுத்துத்தான், அதேதான் என்று பெரியம்மாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதன் கீழே அக்கா எழுதிய கடைசி வரி: “சரி.”

“அப்போ ஏழு கொல்லம் பெரியம்மா மிண்டாததுக்குக் காரணம் ஞானா?” என்றாள் தாரிணி. பதற்றம் வந்தால் அவள் தமிழ் முழுதாகப் போய்விடும். ஏழு வருடம் பெரியம்மா பேசாததற்குத் தான்தான் காரணமா என்று கேட்கிறாள்.

நான் அவளுக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். இது எழுத்தின் கோளாறு, இரண்டு மொழிக்கு நடுவில் நடந்த விபத்து, நாளைக்கே அக்காவைக் கூப்பிட்டு விளக்கிவிட்டால் முடிந்தது என்றேன். எனக்கு உண்மையிலேயே அப்படித்தான் பட்டது. கணக்கில் எங்கோ விட்டுப்போன ஓர் எண் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

வடிவு கட்டிலில் உட்கார்ந்தாள். “அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. அவ எழுதுனது சரியாத்தான் இருக்கு” என்றாள்.

எது சரி என்று கேட்டேன்.

“அதுக்கு முந்துன நாளு அக்கா போன்ல பேசுனா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ‘உங்க ஊரு வெள்ளைச் சேலையக் கட்டிட்டு வந்து நின்னுராதடி, நல்ல காரியம்’னா.”

இங்கே சந்தன வெள்ளையில் ஜரிகைக் கரை போட்ட சேலைதான் எல்லா நல்ல காரியத்துக்கும். கல்யாணத்துக்கு, ஓணத்துக்கு, புது வீட்டுக்கு. நம் பக்கம் வெள்ளைச் சேலை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அக்காவின் பால் காய்ப்புக்குக் கட்டுவதற்கென்றே வடிவு அப்படி ஒரு சேலை வாங்கி வைத்திருந்தாளாம். எனக்கு அது தெரியாது. என் குறிப்புகளிலும் இல்லை.

“சேலை கூடப் பெருசில்ல” என்றாள். “உங்க ஊருன்னாளே. எங்கூடப் பெறந்தவ, என்னைப் பார்த்து உங்க ஊருங்கா. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. மறுநா இவ வந்து, ஏம்மா போகலன்னு எழுதணும்னு கேட்டா. இவகிட்ட அதையெல்லாமா சொல்ல முடியும்? சும்மாதான்னு போடுன்னேன்.”

“சும்மான்னா வெறுதே தானே?” என்றாள் தாரிணி.

“ஆமா.”

“அப்போ எனிக்கு ஒண்ணும் மனசிலாகல. நான் எழுதினது தப்பா, சரியா?”

எனக்கும் தெரியவில்லை. வடிவு சும்மா என்று சொன்னாள், அது பொய். தாரிணி அந்தப் பொய்யைச் சரியாக மொழிபெயர்த்தாள். அக்கா அதைத் தப்பாக வாசித்தார், வாசித்தது உண்மையாக இருந்தது. இதில் எந்த இடத்தில் போய்த் திருத்துவது? அலுவலகத்தில் ஓர் ஆவணத்தில் பிழை வந்தால், பிழை எந்த வரியில் என்று வட்டம் போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுவோம். இதில் எதைச் சுற்றி வட்டம் போடுவது என்று யோசித்து யோசித்து நான் சோர்ந்துபோனேன்.

அக்காவைக் கூப்பிட்டு என்ன சொல்வது என்பதிலும் அதே சிக்கல்தான். அது வெறுப்பு இல்லை, சொல் மாறிவிட்டது என்று சொன்னால் அக்கா நம்பலாம், சமாதானமும் ஆகலாம். ஆனால் அது உண்மை இல்லை. வெறுத்துத்தான் வரவில்லை, காரணம் இது என்று சொன்னால் உண்மை. கல்யாண வீட்டில் அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பெற்றவளாய் ஆயிரம் வேலை இருக்கும். சொல்லாமலே போய் நிற்கலாம் என்றால், கொரியரில் வந்த பத்திரிகைக்கு எந்த முகத்தோடு போய் நிற்பது?

நான் இவற்றை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வடிவு, “மதி, நிப்பாட்டுங்க” என்றாள். ‘மதி’ என்றால் மலையாளத்தில் போதும். அதை அவள் கவனிக்கவில்லை. நானும் தாரிணியும் கவனித்தோம்.

கோப்பைச் சரியான எழுத்தில் புதிதாகச் சேமிக்க வேண்டியிருந்தது. கணினி பெயர் கேட்டது. வழக்கமாகத் தேதியையும் ஆளின் பெயரையும் போடுவேன். அன்று எந்தத் தேதியைப் போடுவது, எழுதிய நாளா, வாசித்த நாளா என்று விரலை வைத்துக்கொண்டிருந்தேன். தாரிணி என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, ஆங்கில எழுத்தில் ‘பழைய சம்சாரம்’ என்று தட்டினாள். கடையில் நடந்ததை வடிவு அதற்குள் அவளிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு நகல் எடுத்தேன். பழைய தட்டைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். அலமாரியின் அதே அடுக்கில், சேலை உறை ஒன்றின் அடியில், பிரிக்காத இன்னொரு உறை இருந்தது. பிளாஸ்டிக் வழியே வெள்ளைச் சேலையின் ஜரிகைக் கரை தெரிந்தது. அதை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை காலை நான் எழுந்தபோது வடிவு ஏற்கெனவே முன்னறையில் இருந்தாள். விளக்குப் போட்டிருந்தது. தாரிணி தூங்கிக்கொண்டிருந்தாள். வடிவு போனை மேசை மேல் வைத்து, ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது. நாளிதழ் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனவன் நின்றுவிட்டேன். என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். பேச வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

மணி நிற்கும் தறுவாயில் எடுத்தார்கள். “யாரு?” என்ற குரல் அக்காவுடையதுதான்.

“யக்கா, நான்தான். வடிவு.”

அங்கே எங்கேயோ தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் கேட்டது. யாரோ குழாயை மூடினார்கள்.

“என்னடி இந்நேரத்துல? ஏதும் விசேஷமா? எல்லாரும் நல்லாத்தான இருக்கீக?”

“இருக்கோம்க்கா. வெறு…” என்று வடிவு தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு, சொல்லைத் தேடி எடுக்கிறவள் போல ஒரு நொடி இருந்தாள். “சும்மாதான்க்கா” என்றாள்.

துண்டித்துவிட்டார் என்றே நினைத்தேன். திரையைப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“சாப்பிட்டியா?” என்றார் அக்கா.

மணி ஆறுகூட ஆகவில்லை. எங்கள் வீட்டில் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை.

“சாப்பிட்டேன்க்கா” என்றாள் வடிவு.